வச்சாச்சு

விடுதி, சின்னமனூர்
19 ஜனவரி 2025, ஞாயிறு

அன்புள்ள கிளாராக்காவுக்கு,

பெனிஷா எழுதுகிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டன் சிஸ்டர் போனில் பத்து நிமிடம் பேசலாம். அந்தப் பத்து நிமிடமும் அம்மாவுக்கே போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். நீங்களும் கடிதமாகவே பதில் போடுங்கள். கடிதம் வந்தவர்கள் பெயரைச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். என் பெயரை இதுவரை ஒருமுறைகூட வாசித்ததில்லை.

அடுத்த மாதம் இருபதாம் தேதி எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பதினோராம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எரிமலையும் காற்றாலையும் செய்கிறார்கள். நான் எடுத்திருப்பது, 'தானமாகக் கிடைத்த இதயத்தைக் குளிரில் காக்கும் முறைகள்'. தலைப்பைச் சொன்னதும் மிஸ், "உன்னால முடியுமாம்மா?" என்றார்கள். அண்ணன் இறந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது, முடியும் என்றேன்.

நூலகத்தில் படித்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். வெளியே எடுத்த இதயம் நான்கு மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் இன்னொருவர் உடம்பில் வைத்துவிட வேண்டும். அதுவரை நான்கு டிகிரி குளிரில் இருக்க வேண்டும். குளிரில் அதற்குப் பசி குறைவு, ஆக்சிஜன் இல்லாமல் தூங்கும். மூன்று பைகள், ஒன்றுக்குள் ஒன்று, நடுவில் குளிர்ந்த திரவம். அதன் பிறகுதான் ஐஸ் பெட்டி.

தெர்மகோல் பெட்டியில் மாதிரி செய்திருக்கிறேன். என் அறைத்தோழி கயல், "ஏத்தா, மீன்காரர் பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டு அறிவியல்ங்கிற" என்கிறாள். இதயத்துக்குப் பதில் அம்மா கொடுத்துவிட்ட பன்னீர் திராட்சை. ஒரு கொத்தை ஐஸ் மேலேயே வைத்தேன். இன்னொன்றை மூன்று பைக்குள் வைத்துத் தாள் சுற்றினேன். மறுநாள் முதல் கொத்து பழுப்பேறித் தோல் கழன்று வந்தது. இரண்டாவது அப்படியே இருந்தது. அம்மா கோல்ட் ஸ்டோரேஜில் பெட்டி கட்டும்போது தினமும் சொல்வது இதுதானே, பழத்துக்கும் ஐசுக்கும் நடுவில் தாள் வேண்டும் என்று. அன்றைக்கு மதுரை ஆஸ்பத்திரியில் அண்ணனின் உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு உங்களிடம் அம்மா கேட்டதும் அது ஒன்றுதான். "கிளாரா, ஐஸ் நேரா படாம வைங்கம்மா. பட்டா கருத்துரும்." ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு வேண்டியது அண்ணனின் நேரங்கள். நீங்கள்தான் அங்கே உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர், உங்களிடம் இருக்கும். எடுத்த நேரம், பெட்டி கிளம்பிய நேரம், சென்னையில் போய்ச் சேர்ந்த நேரம். அட்டவணையில் கடைசிக் கட்டத்துக்கு 'மீண்டும் துடித்த நேரம்' என்று சிவப்பு மையில் தலைப்புப் போட்டுவிட்டேன்.

அம்மா இந்த மாத முதல் வெள்ளிக்கும் திரு இருதயப் பூசைக்கு வேண்டுதல் எழுதிக் கொடுத்தார்கள். 'என் மகன் பிரான்சிஸின் இருதயத்தோடு வாழும் சகோதரரின் நலனுக்காக' என்று சாமியார் வாசித்தார். அண்ணன் இருதயத்தைப் பெற்றவர் என்று நீங்கள் சொன்ன அந்த வாத்தியாரின் நெஞ்சில் அம்மாவுக்கு ஒருக்கா காதை வச்சுக் கேட்டால் போதுமாம். விதி இடம் தராது என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "எங்க அக்கா மகதான, கிளாரா நெனச்சா முடியும்" என்கிறார்கள்.

அன்புடன்,
பெனிஷா


மதுரை
27 ஜனவரி 2025

அன்பு பெனிஷா,

உன் கடிதம் வந்தது. நீ எழுதியதெல்லாம் சரிதான். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள். குளிர் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் தசை காயப்படும். சாதாரண ஐஸ் பெட்டியில் எந்தப் பக்கம் எவ்வளவு குளிர் என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் இப்போது ஐஸே இல்லாமல், குளிர் தரும் பைகளை வைத்து நான்கிலிருந்து எட்டு டிகிரிக்குள் நிறுத்தும் பெட்டிகள் வந்திருக்கின்றன. உள்ளே என்ன டிகிரி என்று வெளியே எண் காட்டும். வழி நெடுக ரத்தம் ஓடவிட்டு இதயத்தைத் துடிக்க வைத்தே கொண்டுபோகும் இயந்திரமும் உண்டு. அது நம் பக்கம் இன்னும் அரிது.

நேரங்களைத் தர முடியாது. பிரான்சிஸ் பெயரையும் போடாதே. கொடுத்தவர், பெற்றவர் விவரம் ரகசியம். பொதுவாக எழுது, அதுவே நன்றாக இருக்கும்.

சித்தியை நான் பார்த்துப் பேசிக்கொள்கிறேன். நன்றாகப் படி. குளிர் காலம், காதை மூடிக்கொண்டு தூங்கு.

கிளாரா


விடுதி, சின்னமனூர்
2 பிப்ரவரி 2025, ஞாயிறு

கிளாராக்காவுக்கு,

என் பெயரை வாசித்தார்கள். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டு போனேன்.

நீங்கள் நேரம் தரவில்லை என்பதால் நானே தேடினேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு, உங்களுக்குத் தெரியும். 2023 நவம்பர் 9 என்ற பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். '10.40. டாக்டர் வந்து, எடுத்தாச்சு என்றார். 11.25. கிளாராக்கா போன். "சித்தி, இருதயம் வச்சாச்சு. நல்லபடியா வச்சாச்சு." அம்மா பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் எழுந்து நின்று, என் புள்ள இருதயத்த வச்சாச்சாம் என்று எல்லோரிடமும் சொன்னார்கள். பிரான்சிஸ் போகல என்று சொன்னார்கள்.'

என் பைபிளுக்குள் அந்தச் செய்தித்தாள் துண்டும் இருக்கிறது. மதுரையில் போக்குவரத்தை நிறுத்தி ஆம்புலன்ஸை விட்டார்கள் என்ற செய்தி. நூறு தடவை படித்திருப்பேன். ஆனால் ஒரு அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தது போன வியாழக்கிழமைதான். விமானம் மதுரையிலிருந்து கிளம்பியது மதியம் 12.05.

கிளாராக்கா, 12.05க்குக் கிளம்பிய இதயத்தைச் சென்னையில் ஒருவருக்கு 11.25க்கு எப்படி வைத்தீர்கள்?

நானே ஒரு பதிலும் யோசித்துவிட்டேன். 'வச்சாச்சு' என்று நீங்கள் சொன்னது பெட்டியில் வைத்ததை. நாங்கள் கேட்டது மனிதருக்குள் வைத்ததை. அப்படியென்றால் அது வெறும் வார்த்தைக் குழப்பம், யார் மேலும் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு போன் வந்திருக்க வேண்டும். இப்பத்தான் உண்மையிலேயே வச்சாச்சு என்று. நோட்டில் அடுத்த பக்கமும் அதற்கடுத்த பக்கமும் பார்த்துவிட்டேன், அப்படி ஒரு போன் இல்லை. நான் எழுத மறந்திருப்பேன் என்று சொல்லுங்கள். நேரம் மட்டும் சொல்லுங்கள், போதும். பெயரெல்லாம் போடவில்லை.

பெனிஷா


மதுரை
8 பிப்ரவரி 2025

பெனிஷா,

நான்கு தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்த இதயத்தை யாருக்கும் வைக்கவில்லை.

நீ யோசித்தது சரிதான். நான் சொன்னது பெட்டியை. போனில் சித்தி எல்லோரிடமும் கத்திச் சொல்வது எனக்குக் கேட்டது. வேறாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்று அந்த நிமிடமே தெரியும். பெட்டி காரில் ஏறிக்கொண்டிருந்தது, எனக்கு அடுத்த அழைப்பு வந்துகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் அது உண்மையாகத்தானே போகிறது என்று விட்டுவிட்டேன்.

சென்னையில் மழை. இறங்க முடியாமல் விமானம் மேலேயே சுற்றியது. 2.35க்கு இறங்கி, 3.05க்கு ஆஸ்பத்திரி. எடுத்து நாலு மணி இருபத்தைந்து நிமிடம். அப்போதும் ஒருவேளை முயன்றிருப்பார்கள். பெட்டியைத் திறந்தால், இதயத்தின் ஒரு பக்கம் கெட்டியாக இருந்திருக்கிறது. ஐஸ் பக்கம். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்.

பெனிஷா, இங்கே மூடும்போது ஐஸ் போதுமான அளவுதான் இருந்தது. சென்னையில் மழை என்று கேள்விப்பட்டு, நேரமாகுமோ என்று பயந்து, மேலே இன்னும் போடுங்கள் என்று சொன்னது நான். உறைபெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ். நடுவில் இருந்த துணி ஒதுங்கியிருக்கும். சித்தி சொன்னது அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை. அதற்குப் பிறகு நினைவில் இல்லாத நாளும் இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருத்தா அது? நல்லாருக்காகளா?" என்றார். வாத்தியார், இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டார் என்று என் வாயில் வந்துவிட்டது. அப்படி யாரும் இல்லை.

கண்கள் இரண்டு பேருக்கு, சிறுநீரகங்கள் இரண்டு பேருக்கு, ஈரல் ஒருவருக்கு. அது எல்லாம் உண்மை. நம்பு.

கிளாரா


விடுதி
13 பிப்ரவரி 2025

'நம்பு' என்று எப்படி எழுத மனம் வந்தது?

வேறு யாருக்கும் தெரியாத ஒன்று எனக்கும் உங்களுக்கும் தெரியும். அம்மா முதலில் முடியாது என்றுதான் சொன்னார்கள். "என் புள்ளயக் கூறு போடாதீக" என்று சுவரோடு ஒட்டி நின்றார்கள். நீங்கள் என்னைத் தனியாக லிஃப்ட் பக்கம் கூப்பிட்டுப் போனீர்கள். "நீ சொன்னாத்தான் சித்தி கேப்பாக. படிக்கிற புள்ள, உனக்குப் புரியும். பிரான்சிஸ் இருதயம் நிக்காது பெனிஷா, அது துடிச்சுக்கிட்டே இருக்கும்." நான் போய் அம்மாவிடம் அதே வார்த்தைகளைச் சொன்னேன். பதினைந்து வயதில் யாரும் என்னை இவ்வளவு பெரிய ஆளாக மதித்ததில்லை. அந்தத் துக்கத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

மழைக்கு உங்கள் மேல் கோபமில்லை. ஐஸுக்குக்கூட, யோசித்து யோசித்துப் பார்த்தால், பயத்தில் செய்தீர்கள் என்று விட்டுவிடுவேன். அந்த வாத்தியாரை என்ன செய்வது? அவர் எங்கள் வீட்டில் பதினான்கு மாதமாக இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு அம்மா அவருக்கென்று ஒரு தட்டில் முறுக்கும் அதிரசமும் எடுத்து வைத்துவிட்டு, கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லாமல் பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அவருடைய இரண்டு பெண்களுக்கு நான் மனதுக்குள் பெயர் வைத்திருந்தேன். மூத்தவளுக்குக் கணக்கு வராது என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன்.

ஒவ்வொரு முதல் வெள்ளியும் கோயிலில் இல்லாத ஒருவருக்காக அம்மாவோடு முழங்காலில் நின்றிருக்கிறேன். நீங்களும் ஒருமுறை எங்களோடு நின்றீர்கள். அப்போது என்ன வேண்டிக்கொண்டீர்கள்?

வர வேண்டாம். அம்மாவிடம் எதுவும் சொல்லவும் வேண்டாம். அது என் வேலை.


மதுரை
17 பிப்ரவரி 2025

பெனிஷா,

வராதே என்றாய். நேற்று வந்துவிட்டேன். விடுதி வாசல் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்குத் தலைவலி என்று கயல் வந்து சொன்னாள். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "தலவலின்னு சொல்லச் சொன்னா" என்றாள். மாடி ஜன்னலில் உன் பச்சைத் தாவணி தெரிந்தது.

கோயிலில் என்ன வேண்டினேன் என்று கேட்டிருந்தாய். சித்தி அடுத்த கேள்வி கேட்கக் கூடாது என்று.

நீ சின்னப் பெண். இதைச் சித்தியிடம் சொல்கிற பாரம் உனக்கு வேண்டாம். ஒரு தேதி சொல், நானே போகிறேன்.

கண்காட்சிக்கு வாழ்த்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பெட்டியில் ஒரு வெப்பமானி வை. வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி வை.

கிளாரா


விடுதி, சின்னமனூர்
9 மார்ச் 2025, ஞாயிறு

கிளாராக்காவுக்கு,

வெப்பமானி வைத்தேன். நீங்கள் சொன்னதற்காக அல்ல, அது சரி என்பதற்காக. இரண்டாம் பரிசு. அட்டவணையைப் பார்த்த நடுவர், "கடைசிக் கட்டம் ஏம்மா காலியா இருக்கு?" என்று கேட்டார். "வரல சார்" என்றேன். விவரம் வரவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

மார்ச் ஒன்றாம் தேதி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா வேலை முடிந்து காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, கையெல்லாம் திராட்சைக் கறையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவை தண்ணீர் குடித்தேன். "என்னத்தா, மார்க்கு கொறஞ்சுருச்சா?" என்றார்கள். பிறகு சொன்னேன். அண்ணன் இருதயத்தை யாருக்கும் வைக்கலம்மா. கிளாராக்கா சொன்னது பெட்டியில வச்சத.

அம்மா அழவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் கேட்டார்கள், "ஐஸ் பட்டுருச்சா?"

வேறு எதையும் கேட்கவில்லை. ஏன் பொய் சொன்னாள் என்று கேட்கவில்லை, வாத்தியார் யார் என்று கேட்கவில்லை. அது ஒன்றைத்தான் கேட்டார்கள். உங்கள் கடிதம் என் பைக்குள் இருந்தது. நான், "இல்லம்மா. மழை. பிளேன் எறங்க முடியல. நேரம் போயிருச்சு" என்றேன். நேரம் போனது உண்மை, மழை உண்மை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்களும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று தோன்றியதும் எழுந்து வெளியே போய்விட்டேன். என்னையும் உங்களைப் போல ஆக்கிவிட்டீர்கள். இதை மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை. முடியும் என்று எழுதினால் அதுவும் பொய்.

மறுநாள் காலையில் அம்மா, "அப்ப அங்கன ஒரு மனுசன் நெஞ்சத் தொறக்கக் காத்துக் கெடந்துருப்பாரே. அவருக்கு என்னாச்சு?" என்றார்கள். கிளாராக்கா, எனக்கு அவர் நினைப்பே வரவில்லை. இல்லாத வாத்தியாருக்காக அவ்வளவு அழுதேன், உண்மையில் காத்திருந்தவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீங்களும் எழுதவில்லை.

முந்தாநாள் முதல் வெள்ளி. அம்மா பூசைக்கு எழுதிக் கொடுக்கப் போயிருக்கிறார்கள். பெயர் தெரியாது, இருதயம் கிடைக்காமல் போன ஒருவருக்காக என்று சொல்லியிருக்கிறார்கள். பூசை வேண்டுதல்களை எழுதும் கோயில் உபதேசியார் பேனாவை வைத்துக்கொண்டு, "உசுரோட இருக்காகளா, இல்ல ஆன்மாவுக்கா? ரெண்டுக்கும் வேற வேற மாதிரி வாசிக்கணும்ல" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. எழுதிக் கொடுக்காமலே திரும்பிவிட்டார்கள். பதினைந்து மாதத்தில் எங்கள் பெயரில் எதுவும் வாசிக்காத முதல் வெள்ளி அதுதான். இன்று போனில் சொன்னார்கள். உங்களிடம் கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

ஏப்ரல் நான்காம் தேதி அடுத்த முதல் வெள்ளி. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். உசுரோடவா, ஆன்மாவுக்கா? அதை மட்டும் எழுதுங்கள்.

அம்மாவிடம் ஐஸை மட்டும் மறைத்துவிடுங்கள். கேட்டால் மழை என்று சொல்லுங்கள். என்னிடம் இனி எதையும் மறைக்காதீர்கள்.

பெனிஷா


மதுரை
14 மார்ச் 2025

பெனிஷா,

சென்னையில் கேட்டுவிட்டேன். அவருக்கு வேறு இதயம் கிடைக்கவில்லை. பதினோராம் நாள் இறந்துவிட்டார். ஆன்மாவுக்கு என்று எழுதிக் கொடுக்கச் சொல். அவர் வாத்தியார் இல்லை. பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன், சொல்லவில்லை. அதனால் எனக்குத் தெரியாது.

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதிதான் வந்தது. பத்தாம் தேதியே சித்தி போன் செய்துவிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அது கெடக்கட்டும் கிளாரா. ஒண்ணு மட்டும் சொல்லு. ஐஸ் பட்டுச்சா?" என்றார்.

பட்டது சித்தி, நான்தான் கூடப் போடச் சொன்னேன் என்றேன்.

பின்னால் ஆட்கள் பெட்டி அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "புள்ள மழைன்னு சொன்னா" என்றார். "தாளு வைக்கச் சொன்னேன்ல" என்றார்.

பிறகு, "பெனிஷாட்ட நான் கேட்டேன்னு சொல்லிராத. அவ சொன்னத நான் நம்பிட்டேன்னே இருக்கட்டும். அந்த மனுசன் சங்கதி அவ கேட்டு எழுதிருக்கா, அவளே வந்து சொல்லட்டும்" என்றார். சொல்ல மாட்டேன் சித்தி என்று வாக்குக் கொடுத்தேன்.

எதையும் மறைக்காதே என்று நீ எழுதியிருக்கிறாய். சித்திக்குக் கொடுத்த வாக்கை இந்தக் கடிதத்தில் மீறியிருக்கிறேன்.

கிளாரா